பெயரில்லாத பெட்டி: மோட்டார் மாட்டிய சைக்கிள் முறிந்தால் யார் பதில் சொல்வது?

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், பழனிசெட்டிபட்டியில் ஒரு சைக்கிள் கடை. காலை எட்டரை மணி இருக்கும். பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். முன்சக்கரத்தின் நடுவில், வழக்கமான ஹப் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சிறு தட்டு அகலத்துக்கு மோட்டார். அதிலிருந்து வரும் கறுப்பு வயர் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, தோல் உரிந்து, உள்ளே இருந்த மஞ்சளும் பச்சையும் நீலமும் வெளியே தெரிந்தன. ஃபோர்க்கின் நுனி, அச்சு உட்காரும் பிளவு, வாய் பிளந்து நின்றது.

“நட்டுதான் லூசாயிருச்சுன்னு நெனச்சேன் தம்பி. கைப்பிடியத் திருகுனதும் ‘டக்’குன்னு ஒரு சத்தம். அம்புட்டுதான், நான் ரோட்டுல கெடக்கேன்” என்றார் சைக்கிளுக்குச் சொந்தக்காரர். அறுபதைத் தாண்டியவர். நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கையில் கட்டு, கன்னத்தில் சிராய்ப்பு. பின்னால் பஸ் எதுவும் வராததால் உயிரோடு இருக்கிறார்.

மோட்டார் கிட் வந்த அட்டைப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து கையோடு கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் அதை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். 36 வோல்ட், 250 வாட் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. “வோல்ட்டு, வாட்டு எல்லாம் போட்டிருக்காண்ணே. செஞ்சவன் பேரு மட்டும் இல்ல. யாருகிட்டப் போயி கேப்பீங்க?”

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. கிட் வாங்குகிறவருக்கும், அதை மாட்டிக் கொடுக்கிற கடைக்காரருக்கும் அது போய்ச் சேரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சென்டிமீட்டர் இரும்பு

முதலில் அந்த அச்சு ஏன் கழன்றது என்று பார்த்துவிடுவோம். சாதாரண சைக்கிளின் முன் அச்சுக்குச் சுமை தாங்குவது மட்டுமே வேலை. சக்கரம் அதன்மேல் பால்ரஸில் சுழலும், அச்சு சும்மா கிடக்கும். ஹப் மோட்டாரில் அப்படியில்லை. அச்சும் மோட்டாரின் ஒரு பாதி. சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும் அதே விசை, அச்சைப் பின்னோக்கித் திருகப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது, அச்சின் இரு பக்கமும் சீவிவிட்ட தட்டையான பகுதியும் அது உட்காரும் ஃபோர்க் பிளவும்தான். பொதுவாக 12 மில்லிமீட்டர் அச்சு, சீவிய இடத்தில் 10 மில்லிமீட்டர் இருக்கும். மோட்டார் கிளம்பும்போது 30 நியூட்டன் மீட்டர் திருகுவிசை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த ஒரு சென்டிமீட்டர் விளிம்பில் விழுவது ஏறக்குறைய 300 கிலோ பாரம். சிக்னலில், சந்தையில், பள்ளிக்கூட வாசலில், நின்று கிளம்புகிற ஒவ்வொரு முறையும் இந்தப் பாரம் விழும்.

இதைத் தாங்குவதற்கு ஒரு சிறு எஃகுப் பட்டை உண்டு. டார்க் ஆர்ம் என்பார்கள். ஒரு முனை அச்சைக் கவ்வும், மறுமுனையை ஃபோர்க்கின் காலோடு கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். மொத்தக் கிட்டில் இதன் விலை மிகச் சொற்பம். பெரியவரின் பெட்டியில் அது இல்லை. அது வேண்டும் என்று சொல்லும் தாள் ஒன்றும் இல்லை.

பிரேக்கையும் சொல்ல வேண்டும். மிதித்துப் போகும் சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகும். அதற்கென்று செய்த ரப்பர் கட்டைதான் ரிம்மைப் பிடிக்கிறது. 25 கிலோமீட்டரில் அதே கட்டை கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றலை அடக்க வேண்டும், 40 கிலோமீட்டரில் ஏழு மடங்கு. பேட்டரியின் எடை தனி.

விலக்கு கொடுத்தபோது போனவை

கம்பம் பள்ளத்தாக்குக்கு மோட்டார் ஏறிய சைக்கிள் புதிதல்ல. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தபோது அதிலும் பெடல் இருந்தது. பால் கேனும் திராட்சைப் பெட்டியும் வாழைத்தாரும் அதில் ஏறிப் போனதை இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு ஆர்.சி. புத்தகம் இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது, முதுகில் ஒரு எண் இருந்தது.

இன்றைய பேட்டரி சைக்கிளுக்கு அவை தேவையில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(யு) என்ற பிரிவு இருக்கிறது. மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால், அது மோட்டார் வாகனம் ஆகாது. பெடலுக்குத் துணையாக மோட்டார் உள்ள சைக்கிள் என்றால், 25 கிலோமீட்டரை எட்டியதும் அல்லது மிதிப்பதை நிறுத்தியதும் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கும் ஒரு எல்லை உண்டு. நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் 25 சி.சி.க்கு மேல் போகாத எஞ்சின் இருந்தால் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. இணையத்தில் கிடைக்கும் 80 சி.சி. எஞ்சின் கிட்டைச் சைக்கிளில் மாட்டினால் அது சட்டத்தின் கண்ணில் முழு மோட்டார் வாகனம்.

இந்த விலக்கு நல்ல நோக்கத்தோடு வந்தது. மூட்டுவலிக்காரர், மில் வேலைக்காரர், சந்தைக்குப் போகும் பெண்கள் எனக் குறைந்த செலவில் பயணம் தேவைப்படும் எல்லோருக்கும் இது உதவி. நான் இதை எதிர்க்கவில்லை. ஆனால் பதிவெண்ணோடு சேர்ந்து வேறு மூன்று பாதுகாப்புகளும் போய்விட்டன.

முதலாவது, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். மோட்டார் வாகனம் மோதி அடிபட்டவர், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டும். மோட்டார் வாகனம் அல்லாத ஒன்று மோதினால் அந்தக் கதவே இல்லை. இரண்டாவது, யார் வண்டி, எந்த வரிசையில் செய்த வண்டி என்று கண்டுபிடிக்கும் வழி. மூன்றாவதுதான் பெரிது: குறையுள்ள வண்டியைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள மோட்டார் வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் உரிமையை மத்திய அரசுக்குத் தந்தது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. மீறினால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். அந்தப் பிரிவு பேசுவது மோட்டார் வாகனத்தைப் பற்றி. பெரியவரின் சைக்கிள் அதில் வராது.

வேலூரில் நடந்தது

திரும்பப் பெறும் அதிகாரம் எவ்வளவு முக்கியம் என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில், வேலூர் சின்ன அல்லாபுரத்தில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் 13 வயது மகளும் இறந்துபோனார்கள். அதே நாட்களிலும் அடுத்த வாரங்களிலும் புணே, நிஜாமாபாத், விஜயவாடா என்று தீ செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஏப்ரலில் ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களையும், ப்யூர் இவி 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் சோதனைக்குத் திரும்ப அழைத்தன. நிபுணர் குழு அமைந்தது. பேட்டரி செல், அதைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ்., சார்ஜர் மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ். 156 என்ற தரவிதி இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது.

பேட்டரி மட்டுமல்ல. முன்சக்கரத் தாங்குதண்டு முறிந்ததாகப் புகார்களும் படங்களும் பரவிய பிறகு, 2023 மார்ச்சில் ஓலா தன் வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. நிறுவனம் அதை மேம்படுத்தல் என்றே அழைத்தது. பெயர் எதுவாக இருந்தாலும், மாற்றித் தர ஒரு நிறுவனம் இருந்தது. எந்த வண்டிக்கு மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு சேஸிஸ் எண் இருந்தது.

பழனிசெட்டிபட்டியில் டார்க் ஆர்ம் இல்லாத கிட்டோடு எத்தனை சைக்கிள் ஓடுகிறது? அவற்றை யார் கூப்பிடுவது? எங்கே கூப்பிடுவது?

மரச்சக்கரம் சொன்ன தீர்ப்பு

நூறு ஆண்டுக்கு முன்பு அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு வழக்கு. டொனால்டு மெக்ஃபெர்சன் என்பவர் ஒரு பியூக் காரை முகவரிடம் வாங்கினார். ஓட்டிக்கொண்டிருந்தபோது மரத்தால் ஆன சக்கரத்தின் ஆரக்கால்கள் நொறுங்கிக் கார் கவிழ்ந்தது. பியூக் நிறுவனம் சொன்ன பதில் இரண்டு: சக்கரம் நாங்கள் செய்ததல்ல, வேறொருவரிடம் வாங்கியது. இரண்டாவது, மெக்ஃபெர்சன் எங்களிடம் வாங்கவில்லை, முகவரிடம் வாங்கினார். 1916-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. கவனமில்லாமல் செய்தால் உயிருக்கு ஆபத்தாகும் பொருளைச் சந்தைக்கு அனுப்புகிறவருக்கு, அதைக் கடைசியில் பயன்படுத்தப் போகிறவரிடமும் கடமை உண்டு என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதினார். வாங்கிய சக்கரத்தைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டியது பியூக்கின் பொறுப்பு என்றானது.

இன்றைக்கும் நம் ஊரில் கேட்கிற சாக்குகள் அவையேதான். ‘மோட்டார் நாங்க செய்யல, பாக்ஸா வருது.’ ‘நாங்க மாட்டித்தான் குடுத்தோம்.’

நம்முடைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதில் கார்டோசோவைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள அதன் ஆறாவது அத்தியாயம் முழுக்க இதற்காகவே எழுதியது. வடிவமைப்பிலோ செய்முறையிலோ குறை இருந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு. குறையே இல்லாவிட்டாலும், தீங்கைத் தவிர்க்கத் தேவையான எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் சொல்லாமல் விட்டால் அதற்கும் பொறுப்பு. டார்க் ஆர்ம் பற்றி ஒரு வரிகூட இல்லாத பெட்டி இங்கேயே சிக்கிக்கொள்ளும்.

தயாரிப்பாளர் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் மிக அகலம். பிறர் செய்த பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறவரும் தயாரிப்பாளர். பிறர் செய்ததில் தன் முத்திரையை ஒட்டுகிறவரும் தயாரிப்பாளர். ஆகவே சைக்கிள் ஒரு இடத்தில், மோட்டார் ஒரு இடத்தில், பேட்டரி ஒரு இடத்தில் வாங்கி, சேர்த்து, தன் கடைப் பெயரில் ஸ்டிக்கர் ஒட்டி இ-சைக்கிள் என்று விற்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு வாகனத் தயாரிப்பாளர் ஆகிவிடுகிறார்.

விற்பவர் என்ற சொல்லும் அப்படித்தான். பொருத்தித் தருகிறவர், பழுது பார்க்கிறவர், இறக்குமதி செய்கிறவர் எல்லோரும் அதில் அடக்கம். பொருத்துவதிலும் சோதிப்பதிலும் உரிய கவனம் காட்டவில்லை என்றால் அவர் பொறுப்பு. பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணம் என்றால் அவர் பொறுப்பு. இன்னொன்றைச் சைக்கிள் கடைக்காரர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்: தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால், அல்லது அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வழியில்லாவிட்டால், விற்றவரே பதில் சொல்ல வேண்டும் என்கிறது 86-ஆவது பிரிவு.

பெயரில்லாத பெட்டியை விற்கிறவர், அந்தப் பெட்டிக்குத் தன் பெயரைக் கொடுத்துவிடுகிறார். கடைக்காரர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் மாட்டிக் குடுத்ததுல ஏதாச்சும் ஆனா?” என்றார். அவர் நேர்மையான மனிதர். இதுவரை யாரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை.

பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, பெட்டியின்மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். இல்லாத பெட்டியை விற்பதே தவறு. இணையத்தில் வாங்கியிருந்தால், விற்றவரின் முகவரியை எழுத்தில் கேளுங்கள். தர வேண்டியது அந்தத் தளத்தின் கடமை என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

ஒரு வெள்ளை வயர்

பொறுப்பு ஒரு பக்கமாக மட்டும் இல்லை. மோட்டாரை இயக்கும் பல கன்ட்ரோலர்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மெல்லிய வயர் இருக்கும், பெரும்பாலும் வெள்ளை நிறத்தில். அதைப் பிரித்துவிட்டால் 25 என்ற எல்லை போய்விடும். “அண்ணே, அதக் கழட்டி விடுங்க” என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிடத்தில் சைக்கிள், பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. அதன் பிறகு யாராவது அடிபட்டால் தீர்ப்பாயத்தில் வழக்கு வரும், ஆனால் பணம் கட்ட இன்சூரன்ஸ் கம்பெனி இருக்காது. தொகை முழுவதும் சொந்தக்காரரின் தலையில். கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கக் கலெக்டருக்குச் சான்று அனுப்பும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. ஓட்டியது பதினெட்டு வயது ஆகாத பையன் என்றால், பெற்றோருக்கோ சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் இருக்கிறது. உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை.

விற்றவரும் அங்கே நழுவிக்கொள்வார். பொருளை மாற்றியமைத்த நிலையில் தீங்கு நேர்ந்தால் அவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. பிரித்த வயரைக் காட்டினால் போதும். மோட்டார் மாட்டிய சைக்கிளின் ஃபிரேம் முறிந்தால், சைக்கிள் கம்பெனியும் இது எங்கள் வடிவமைப்பே அல்ல என்று சொல்லும். அது நியாயமும்கூட.

‘பிரேக் பிடிக்கல சார்’ என்ற ஒற்றை வரியும் காப்பாற்றாது. 1977-ல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இயந்திரக் கோளாறு என்று சொல்கிறவர், தான் எல்லாக் கவனமும் எடுத்ததையும், அதற்கும் மீறி அந்தக் குறை மறைந்திருந்ததையும் நிரூபிக்க வேண்டும்.

நடந்து போனவருக்கு யார்?

எனக்கு மிகவும் மனம் வலிக்கிற இடம் இது. சைக்கிளை வாங்கியவர் நுகர்வோர். அவர் சம்மதத்தோடு ஓட்டிய மகனும் நுகர்வோர். ஆனால் கம்பம் சாலையின் ஓரத்தில் நடந்து போன ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைமீது, அச்சு கழன்ற அந்தச் சைக்கிள் மோதினால்? அந்தப் பிள்ளை எதையும் வாங்கவில்லை, ஆகவே நுகர்வோர் அல்ல. மோதியது 25 கிலோமீட்டர் சைக்கிள் என்றால் மோட்டார் வாகனமும் அல்ல, ஆகவே தீர்ப்பாயமும் இல்லை. மிஞ்சுவது சிவில் நீதிமன்றம். கோர்ட்டு ஃபீஸ் கட்டி, ஆண்டுக்கணக்கில் அலைந்து, இன்சூரன்ஸ் இல்லாத ஒரு ஏழை மனிதரிடம் இழப்பீடு கேட்க வேண்டும்.

இதைச் சரிசெய்ய இந்தச் சைக்கிள்களுக்கு முழு ஆர்.டி.ஓ. பதிவு தேவை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் அழியாத ஒரு வரிசை எண், விற்கும்போதே சேர்ந்து வரும் ஒரு சிறு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், டார்க் ஆர்மும் பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும் ஸ்விட்சும் இல்லாத கிட்டை விற்கத் தடை. இந்த மூன்றையும் செய்யலாம். சோதிக்க இடமும் நம்மிடமே இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் உள்ளது. ஆபத்தான பொருளை, அது மோட்டார் வாகனம் ஆனாலும் ஆகாவிட்டாலும், திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. பெயரில்லாத கிட்கள்மீது அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்லி, மாவட்ட ஆட்சியரும் நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் எழுத வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கடைப் பையன் வாய் பிளந்த ஃபோர்க்கைக் கழற்றிப் பழைய இரும்புக் குவியலை நோக்கி எடுத்துப் போனான். பெரியவர் தடுக்கவில்லை. நான் ஓடிப்போய் வாங்கினேன். அதுதான் சாட்சி. அந்த ஃபோர்க், அச்சு, முறுக்கிய வயர், பெட்டி, பணம் கட்டிய ரசீது ஆகிய ஐந்தையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினோம். ஆய்வு செய்யாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால், நுகர்வோர் ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்புவதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்து வைக்கச் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சைக்கிள் இருந்தால், இன்று மாலையே முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அச்சைப் பாருங்கள். டார்க் ஆர்ம் இருக்கிறதா, நட்டுக்கு அடியில் வயர் நசுங்கியிருக்கிறதா, ஃபோர்க் பிளவு அகன்றிருக்கிறதா என்று பாருங்கள். இனி வாங்குகிறவர்கள், பில்லில் தயாரிப்பாளர் பெயரையும் மோட்டார் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள். கடைக்காரர்களே, பெயரில்லாத பெட்டியை உள்ளே விடாதீர்கள்.

புகாரை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கெடு இரண்டு ஆண்டு.